சக்கரம் தொங்கும்போது போட்ட வளையம்

வேன்காரம்மா எங்கள் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது. முதலாளி அதை நீல நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். ஒரு கோடு என்றால் பார்க்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய பாக்கி. இரண்டு கோடு என்றால் இனிமேல் அந்த ஆளுக்கு ஒரு வாஷர்கூடக் கடனாகக் கிடையாது.

வாரத்தில் ஐந்து நாள் அந்தம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முன்னால் ஒரு சைக்கிள் போனால்கூட ஹாரன் அடிக்காமல் அதன் பின்னாலேயே ஊர்ந்து போவார். பிள்ளைகள் அந்த வேனுக்கு ஆமை என்று பேர் வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே அம்மா பழைய கார் ஒன்றில் ஏறிக் கால் மைல் தூரத்தைப் பதினோரு விநாடியில் கடப்பார். டிராக் ரேஸ் என்பார்கள். இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான். வளைவு கிடையாது, சுற்றி வருவது கிடையாது. நீங்கள் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் முடிந்துவிடும்.

அந்தக் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. தள்ளுகிற சக்கரம் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஓட்டுகிறவரின் இடுப்புக்குப் பக்கத்தில், தரைத்தகட்டுக்குக் கீழே ஓர் இரும்புக் குழாய் சுற்றுகிறது. அதுதான் ஷாஃப்ட். என் முழங்கைப் பருமன்தான் இருக்கும். ஓடும்போது நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று. அதன் முன்முனையைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடிப்பது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜாயின்ட். அந்த ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் இரண்டில் ஒன்று செய்யும். கீழே விழுந்து தரையில் குத்தினால், கம்பு ஊன்றித் தாண்டுகிறவனைப்போலக் காரையே தூக்கிப் போடும். மேலே எழும்பினால் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே இருக்கிறவரிடம் வரும்.

அதற்காகத்தான் வளையம். இரண்டு அங்குல அகலமும் கால் அங்குலக் கனமும் உள்ள பட்டையை வளைத்து, ஷாஃப்டைச் சுற்றி, அதைத் தொடாமல், ஜாயின்ட்டிலிருந்து அரை அடிக்குள் பூட்ட வேண்டும். உடைந்த ஷாஃப்டை எங்கேயும் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நான் இருபத்தாறு வருஷமாக இரும்பு வெட்டுகிறவன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்திருக்கிறேன். அவையெல்லாம் மாட்டின அன்றைக்கே வேலைக்கு வந்துவிடும். இந்த வளையம் ஒன்றுதான், வேலைக்கு வராமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் செய்கிற சாமான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வேன்காரம்மா காரைக் கயிறு கட்டி வேனிலேயே இழுத்துக்கொண்டு வந்தார். பழைய வளையத்தில் விரிசல் விட்டிருந்தது. போன மாதம் பந்தயத் திடலில் சோதனைக்காரர் அதைப் பார்த்து, மாற்றாமல் வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"வளையத்துக்குக் கையில பணம் கொண்டாந்திருக்கேன். கடன் கேக்க வரல," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "பெருசு, வெளிய காயவச்ச தகடையெல்லாம் உள்ள எடு. மழை வரப்போவுது."

"சிரிங்க சிரிங்க. நாளைக்கு ஜெயிச்சா பாக்கியில பாதி இந்த மேசை மேல இருக்கும்."

"போன தடவையும் இதே மேசைதான்மா. நானும் தினம் தொடைச்சு வைக்கிறேன்."

கார் லிஃப்டில் ஏறியது. எங்கள் லிஃப்ட் காரின் வயிற்றில் கை கொடுத்துத் தூக்குகிற வகை. சக்கரம் நாலும் அந்தரத்தில் தொங்கும். நான் அடியில் போய் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருகினேன். முன் ஜாயின்ட்டில் டொக் என்று ஒரு சின்ன சத்தம் வந்தது. மறுபடி திருகினேன். மறுபடியும் டொக்.

"முதலாளி, ஜாயின்ட் ஆடுது."

"எவ்வளவு?"

"கைக்குத் தெரியுது."

புது ஜாயின்ட் ஒன்று முதலாளியின் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம். கையை நீட்டினால் எட்டும். வேன்காரம்மா பையைத் திறந்து பார்த்தார். வளையத்துக்கு எண்ணிக் கொண்டுவந்த பணம் தவிர அதில் வேறு இல்லை என்பது அவருக்கும் தெரியும். திறந்து பார்த்தால் இருந்துவிடாதா என்று எல்லோரும் பார்ப்பதுதான்.

"இதையும் பாக்கியில சேத்துக்கங்களேன்."

"ரெண்டு கோடு போட்டாச்சும்மா."

"மூணாவது கோடு ஒண்ணு போட்டுக்கங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "எனக்கும் கடைக்காரன் வந்து நிக்கிறான். வளையம் போட்டுத் தர்றேன். ஜாயின்ட்டு அடுத்த மாசம் பாக்கலாம். ஆடுற ஜாயின்ட்டுல வருஷக்கணக்கா ஓட்டறவன்லாம் இருக்கான்."

அது பொய்யில்லை. என் பையிலும் சனிக்கிழமைக் கூலி இருந்தது. மறுநாள் மகள் வீட்டுக்குப் போவதற்கென்று பிரித்து வைத்திருந்தேன். நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பட்டையை வெட்டி, சூடேற்றி, உருளைமேல் வைத்து வளைத்து, இரண்டு பாதியாக வளையம் செய்தேன். காரின் சேஸிஸில் குறுக்கே ஒரு சட்டம் வைத்து வெல்டிங் செய்தேன். சட்டத்தில் வளையத்தைப் பூட்டிப் பார்த்தால் ஷாஃப்ட் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. மேலே அதிக இடைவெளி, கீழே குறைவு. எனக்கு அது பொறுக்காது. சட்டத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு இரண்டு தகடு வைத்து வளையத்தைக் கீழே இறக்கினேன். இப்போது சுற்றிலும் ஒரே மாதிரி ஒரு விரல் இடைவெளி. என் சுண்டுவிரலை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் இடிக்கவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. நல்ல வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வளையம் போட்டவன்தான் முதலில் சீட்டில் உட்கார வேண்டும். காரைத் தரையிலிருந்து தூக்கியே வைத்து, அவன் எஞ்சினைப் போட்டு, கியர் போட்டு, மிதிக்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நின்று பார்ப்பார். வெல்டிங் வைக்கும்போது கை தானாக ஒழுங்காக வரட்டும் என்று அவருடைய அப்பா காலத்தில் வைத்த சட்டம்.

ஏணி வைத்து ஏறி உட்கார்ந்தேன். சீட்டின் இடது பக்கம் ஒரு மெல்லிய தகடு. அதற்கு அந்தப்பக்கம் ஷாஃப்ட். நான் தினமும் தொட்டுத் தூக்குகிற சாதாரணக் குழாய். மிதித்தேன். முதலில் அதன் ஆட்டம் இடுப்பில் தெரிந்தது. இன்னும் மிதித்தபோது ஆட்டம் போய்விட்டது. சத்தம் ஒரே இழையாகி, அந்த இழை என் முதுகெலும்புக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. ஒரு சாண் தூரத்தில் இவ்வளவு பெரிய வேகம் இவ்வளவு அடக்கமாக இருக்க முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. கோவில் கருவறை முன்னால் நிற்பதுபோல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தம்மா இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரா என்று நினைத்தேன்.

வளையத்தில் எதுவும் உரசவில்லை. இறங்கினேன்.

"எப்படிண்ணே இருந்துச்சு?" என்றார் வேன்காரம்மா.

"காலு இன்னும் தரைக்கு வரல தங்கச்சி."

"எனக்கு ஆறு வருஷமா வரல," என்று சொல்லிவிட்டு வளையத்துக்கான பணத்தை எண்ணி வைத்தார்.

மறுநாள் காலையில் நானும் வீட்டுக்காரியும் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் ஒரு கல்யாணக் கும்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி முடியட்டும் என்று நான் பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். ஆள் ஏற ஏற, சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முதலில் என் தலை போகிற அளவு இருந்தது. பெட்டி, பாத்திரமெல்லாம் ஏறினபிறகு ஒரு கைதான் போகும். பஸ் இறங்குகிறதா, சக்கரம் ஏறுகிறதா என்று சும்மா யோசித்தேன். பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் சக்கரம்தான் ஏறுகிறது.

அப்போதுதான் உறைத்தது.

நான் வளையம் போட்டபோது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் தொங்கினால், பின்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற ஆக்சில் தொங்கும். ஆக்சில் தொங்கினால் அதில் பூட்டிய ஷாஃப்டும் தாழும். அதனால்தான் அது வளையத்தில் தாழ்வாகத் தெரிந்தது. கார் தரையில் நின்றால் ஷாஃப்ட் மேலே ஏறிவிடும். ஆள் உட்கார்ந்து, பச்சை விளக்கில் பின்பக்கம் அழுந்தும்போது இன்னும் மேலே ஏறும். நான் அழகு பார்த்துத் தகடு வைத்து இறக்கினேனே, அந்த வளையத்தின் மேற்புறத்தில் போய் இடிக்கும். ஏழாயிரம் சுற்றில் இடிக்கும். ஏற்கெனவே ஆடுகிற ஜாயின்ட். காப்பாற்றுகிற வளையமே அதை உடைக்கும்.

சீட்டில் உட்கார்ந்து பார்த்தோமே என்றால், அப்போதும் சக்கரம் தொங்கிக்கொண்டுதானே இருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

சொன்னேன். பாதி புரிந்ததோ என்னவோ. "அந்தம்மா செத்துடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல."

"அப்ப இங்க என்ன பஸ்ஸை எண்ணிட்டு நிக்கிறீங்க, போங்க. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்குப் பொண்ணு வீட்ல சோறு இறங்காது." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாள்.

திடலின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் கையை நீட்டினார்.

"நான் வளையம் போட்டவன். அவசரமா உள்ள போகணும்."

"எந்த வளையம், காதுலயா மூக்குலயா?"

அவருக்கு நின்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. குனிந்து கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினேன். பின்னால் அவர் கத்தியது கொஞ்ச தூரம் கேட்டது.

வரிசையில் ஐந்தாவதாக நின்றது வேன்காரம்மாவின் கார். முன்கண்ணாடியில் சோதனை முடிந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்தம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுளை சுளையாக ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சுளையை நீட்டினார்.

மூச்சு வாங்கியதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன் தங்கச்சி," என்றேன். அதைச் சொல்வது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

அவர் தின்பதை நிறுத்தினார். "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆவும்?"

"இருபது நிமிஷம். ஆனா கழட்டினா ஸ்டிக்கர் செல்லாது. மறுபடி சோதனைக்கு நிக்கணும்."

"நின்னா, முதல் ஓட்டத்துக்குள்ள வர முடியுமா?"

"தெரியல."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அந்தம்மாவின் மனசுக்குள் அந்த மேசையும், பாதிப் பாக்கியும், நீல நோட்டும் ஓடியிருக்கும். எனக்கே ஓடியது. அவர் கையை வெளியே நீட்டி நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டி, தானே கிழித்துக் கசக்கினார்.

"ஏறுங்கண்ணே. ஓரமாக் கொண்டுபோவோம்."

சோதனைக்காரர் கனத்த உடம்புக்காரர். கையில் டார்ச், கழுத்தில் விசில். நான் சொன்னதை நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் கனத்த பலகைகளைப் போட்டுக் காரை ஏற்றச் சொன்னார். கார் தன் சக்கரத்திலேயே நிற்க வேண்டும், ஜாக்கி கூடாது என்று நான் சொல்ல நினைத்ததை அவரே சொன்னார்.

"ஓட்டறவங்க உள்ள உக்காருங்க. பெல்ட்டு, ஹெல்மெட்டு எல்லாம் போட்டுக்கிட்டு," என்றார்.

நான் அடியில் ஊர்ந்து போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். நேற்று என் சுண்டுவிரல் போன இடத்தில் இன்று ஒரு தீக்குச்சிதான் போகும். கீழே கட்டைவிரலே போகும். சோதனைக்காரரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"காலையில இதை நானும் ஜாக்கி வச்சுத் தூக்கித்தான் பாத்தேன்," என்றார் மெதுவாக.

தகட்டுக்கு மேலிருந்து வேன்காரம்மாவின் குரல் வந்தது. "அண்ணே, நான் உங்க தலைக்கு மேலதான் உக்காந்திருக்கேன். இந்தத் தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

"நாலு விரக்கடை."

"நாலு விரக்கடைதானா," என்றார். "ஆறு வருஷமா நான் கேட்டதே இல்ல பாருங்க."

போல்ட்டைத் தளர்த்தி, நேற்று ஆசையாக வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக உருவினேன். வளையம் மேலே ஏறியது. போல்ட்டை இறுக்கிச் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினேன். ஒரு மனுஷியின் கனம் அழுந்தி நிற்கும்போது சுற்றினேன். இடிக்கவில்லை.

"ஜாயின்ட்டு ஆடுது தங்கச்சி. அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல."

சோதனைக்காரர் தானே ஷாஃப்டைப் பிடித்துத் திருகினார். "அளவுக்குள்ளதான் இருக்கு. அடுத்த தடவை இதோட வராதீங்க," என்று புது ஸ்டிக்கர் ஒட்டினார்.

முதல் ஓட்டம் கிடைத்தது. அதில் அந்தம்மா ஜெயித்தார். இரண்டாவது ஓட்டத்துக்கு நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதையின் நடுப்பகுதியில் நின்றேன்.

பச்சை எரிந்தது. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அழுந்தி, கார் கிளம்பியது. என் கண் காரின் வயிற்றை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை. முதல் கியர் போனது. இரண்டாவது போனது. நான் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் மூன்றாவது விழுந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் இல்லை. பெரிய கல்லைச் சுத்தியலால் ஒரே அடியில் பிளப்பதுபோல, சின்னதும் முடிவானதுமான ஒரு சத்தம். எஞ்சின் தனியாகக் கூவியது, உடனே அடங்கியது. அந்தம்மா அணைத்துவிட்டார்.

ஆனால் காருக்குக் கீழே இருந்த சத்தம் அடங்கவில்லை. எஞ்சினை அணைத்தாலும் உருள்கிற பின்சக்கரம் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கார் நிற்கிறவரை அது நிற்காது. முன்முனை விட்டுப்போன அந்தக் குழாய் வளையத்துக்குள் அறைந்த அறை கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. தனி அடியாகக் கேட்கவில்லை. தகரக் கூரையில் கல்மழை பெய்தால் வருமே, அந்த மாதிரி. வயிற்றுக்கு அடியில் பொறி நீளமாகக் கொட்டியது. கார் மட்டும் கோடு போட்டதுபோல நேராகப் போனது. குலுங்கவில்லை, திரும்பவில்லை, தூக்கிப் போடவில்லை. கல்மழை மெல்ல மெல்லத் தனித்தனி அடியானது. அடிகள் எண்ணுகிற அளவுக்கு வந்தன. கடைசியாக ஒரு டங், ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டங். கார் நின்றது.

நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். எத்தனை பேர் தடுத்தார்கள் என்று தெரியாது.

அந்தம்மா தானாகவே பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி, தன் இடது இடுப்பைத் தடவிப் பார்த்தார். தொடையைத் தடவினார். முழங்காலைத் தடவினார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

"அது என்னைத் தேடுச்சுண்ணே," என்றார். "ஒவ்வொரு அடிக்கும் தகட்டுக்கு அந்தப்பக்கம் அது என்னைத் தேடறது தெரிஞ்சுது. பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் பயம், மிதிக்காம இருக்கவும் பயம். யாரோ அது கையைப் பிடிச்சு வச்சிருந்த மாதிரி இருந்துச்சு."

முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட் வளையத்துக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. அதன் முனை சூட்டில் நீலம் பாரித்திருந்தது. தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் கார் மறுபடி எங்கள் லிஃப்டில் ஏறியது. முதலாளி கைவிளக்கோடு அடியில் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நானும் போய் நின்றேன்.

வளையத்தின் உட்புறத்தில் நான் அடித்த கறுப்புப் பெயின்ட் ஒரு துளிகூட இல்லை. சுற்றிலும் வெள்ளிபோல மின்னியது. கால் அங்குலப் பட்டை, உளியால் கொத்தியதுபோல அடி அடியாகப் பள்ளம் விழுந்திருந்தது. முதலாளி பள்ளங்களை விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்து, ஒரு இடத்தில் விட்டுவிட்டார். வட்டமாக இருந்த வளையம் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. ஒரு போல்ட் நீண்டிருந்தது. அறுபடவில்லை. என் வெல்டிங்கில் ஒரு கோடு விரிசல் இல்லை. அதற்கு மேலே, நாலு விரக்கடை தூரத்தில் இருந்த தரைத்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நான் பார்த்த எல்லாவற்றிலும் அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தூசிகூடக் கலையாமல் இருந்தது.

"நான் செஞ்ச தப்பை உங்ககிட்ட சொல்லணும் முதலாளி," என்று தொடங்கித் தொங்கின சக்கரம், தகடு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் விளக்கை அணைத்தார். "நீ மட்டுமா செஞ்ச? தொங்க விட்டுத்தானே எப்பவும் போடறோம். எங்கப்பாவும் அப்படித்தான்." அடியிலிருந்து வெளியே வந்து, "இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வளையம் போட்டோம்?" என்றார்.

"இது போக பதினொண்ணு இருக்கும்."

நோட்டைப் பார்த்துப் பதினொரு பேருக்கும் போன் செய்தார். "காரை எடுத்துட்டு வாங்க. காசு வேணாம். வர்ற வரைக்கும் ஓட்டாதீங்க." ஒருவன் என்ன ஏது என்று குடைந்தான்போல. "எங்க தப்புய்யா, வா," என்று சொல்லி வைத்தார். முதலாளி வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஒன்பதரை மணிக்கு வேன்காரம்மா வந்தார். உட்காரவில்லை.

"பரிசு போச்சு. பாதி தர்றேன்னு சொன்னது நடக்கல. மாசாமாசம் கொடுத்து அடைச்சிடறேன். எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

"பாக்கி ஒண்ணும் இல்ல," என்றார் முதலாளி.

"வெளையாடாதீங்க. நாப்பத்தோராயிரத்து எழுநூத்தி அம்பது. எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்."

முதலாளி நீல நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்தத் தொகைமேல் குறுக்கே பேனா போயிருந்தது. பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இருந்தன.

வேன்காரம்மாவின் முகம் கறுத்தது. "நான் பொழைச்சு வந்ததுக்குத் தர்மமா? எனக்கு யார் தர்மமும் வேணாம்."

"தர்மம் பண்ற மூஞ்சியா இது? பெருசைக் கேளுங்க." முதலாளி அலமாரியைக் காட்டினார். பிரிக்காத பெட்டி அங்கேயே இருந்தது. "சனிக்கிழமை அது அங்கதான் இருந்துச்சு. ஆடுதுன்னு இவன் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்காக நான் கையை நீட்டல. அதுக்கப்புறம் அந்தப் பாக்கியை உங்ககிட்ட கேக்க எனக்கு வாய் வராதும்மா. இனிமே அந்தப் பக்கத்தைப் பாத்தா எனக்கு அந்த வளையம்தான் தெரியும். அதான் அடிச்சேன். உங்களுக்காக இல்ல."

அந்தம்மா நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லிஃப்டுக்கு அடியில் போய், அண்ணாந்து, அந்த மின்னுகிற உட்புறத்தைப் பார்த்தார். வெளியே வேனின் எஞ்சின் ஆறுகிற டிக் டிக் மட்டும் கேட்டது.

திரும்பி வந்து பையைத் திறந்தார். இந்தத் தடவை அதில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை எண்ணி மேசைமேல் வைத்தார்.

"புது ஜாயின்ட்டுக்கு. ரொக்கம். வளையத்துக்கு அடுத்த வாரம் தர்றேன், அதுவரைக்கும் போடாதீங்க. அண்ணே, போடும்போது சொல்லி அனுப்புங்க. சக்கரம் தரையில இருக்கணும், நான் உள்ள உக்காந்திருக்கணும்."

முதலாளி பணத்தை எடுத்துக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பாக்கி என்று இருந்த கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்.